வாட்ஸ்அப்பைத் திறந்தால்தான் மெசேஜ் வருகிறது, போனை மாற்றலாமா?

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு, டிசைன் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள். போன மாதம் வாங்கிய புது ஆண்ட்ராய்டு போனில், வாட்ஸ்அப்பைத் திறந்தால் காலையிலிருந்து வந்ததெல்லாம் ஒரேயடியாகக் கொட்டுகிறது. மூடி வைத்தால் சத்தமே இல்லை. பழைய போனில் இப்படி இல்லை. கடைக்காரர் "செட்டிங்ஸ் பிரச்சினை, மாற்றித் தர முடியாது" என்கிறார். உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எந்த செட்டிங்ஸ் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முதலில் ஒரு சோதனை. வாட்ஸ்அப் வெப் எங்காவது இணைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். போனைத் தொடாமல் ஒரு மணி நேரம் மேசையில் வையுங்கள். பிறகு வீட்டில் யாரையாவது மெசேஜ் அனுப்பச் சொல்லி, அவர்கள் போனில் டிக்கைப் பாருங்கள். இரண்டு டிக் விழுந்தும் உங்கள் போன் கம்மென்று இருந்தால், மெசேஜ் வந்துவிட்டது, நோட்டிபிகேஷன் அல்லது சத்தம்தான் அணைந்திருக்கிறது. நீங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்கும்வரை ஒரே டிக் என்றால், நெட் சரியாக இருக்கும்பட்சத்தில், போன் ஆப்பைத் தூங்கவைத்துவிட்டது. உங்கள் கதை இரண்டாவது போலத் தெரிகிறது.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்தே, சும்மா கிடக்கும் போனில் ஆப்களின் வேலையை நிறுத்திவைக்கும் ஏற்பாடு உண்டு. அவசர மெசேஜுக்கு மட்டும் கூகுளின் சேவை ஆப்பைத் தட்டி எழுப்பும். இதோடு விட்டிருந்தால் தொல்லையில்லை. 'இரண்டு நாள் பேட்டரி' என்று விளம்பரம் செய்ய ஆசைப்பட்ட சில கம்பெனிகள் தங்கள் பங்குக்கும் பூட்டுப் போடுகின்றன. எந்தக் கம்பெனி எவ்வளவு மோசம் என்று வரிசைப்படுத்தவே 'டோன்ட் கில் மை ஆப்' என்று ஒரு இணையதளம் இருக்கிறது. அடுத்த போன் வாங்கும் முன் கேமராவைப் பார்ப்பதோடு அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் வாட்ஸ்அப், அதில் பேட்டரி. அங்கே 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' என்று வையுங்கள். 'ஆட்டோ ஸ்டார்ட்' என்று ஒன்று இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும்.

அப்புறம், வேலை முடிந்ததும் எல்லா ஆப்பையும் மேலே தள்ளி மூடும் பழக்கம் இருக்கிறதா? பெரும்பாலான போன்களில் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் சில போன்கள் அதையே 'ஃபோர்ஸ் ஸ்டாப்' போல எடுத்துக்கொள்கின்றன. ஃபோர்ஸ் ஸ்டாப் செய்த ஆப், நீங்களாகத் திறக்கும்வரை எதற்கும் எழுந்திருக்காது. 'கிளீனர்' ஆப் ஏதாவது போட்டிருந்தால் யோசிக்காமல் நீக்குங்கள்.

இன்னொன்று: ஒருவருடைய சாட் திறந்தே இருக்கும்போது அவரிடமிருந்து வரும் மெசேஜுக்கு வழக்கமான மணி அடிக்காது, 'டிக்' என்று சின்னச் சத்தம்தான். ஆப் திறந்திருக்கையில் எப்படிக் கூப்பிடுவது என்பதை ஆப்பே முடிவு செய்கிறது. அது கோளாறில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் ஒற்றை டிக்கே நின்றால் பில்லோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், அதே டிக் சோதனையை அவர்கள் கண்ணெதிரே செய்து காட்டி, எழுத்தில் புகார் கொடுங்கள். வாரண்டி இருந்தும் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.