பக்கத்து பென்ச்சில் 80 கிலோ

கேள்வி: எனக்கு வயது 33. சொந்த ஊர் வவுனியா. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை; வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். பத்து மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். உயரம் 5 அடி 9 அங்குலம், நிறை 64 கிலோ. டெட்லிஃப்ட் 100 கிலோ வரும், ஆனால் பென்ச் பிரெஸ் (பென்ச்சில் மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து பாரம் தள்ளுவது) இரண்டு மாதமாக 50 கிலோவிலேயே நிற்கிறது. ஏ.எல். எழுதிவிட்டு வந்த ஒரு பெடியன், சேர்ந்து மூன்று மாதம்தான், பக்கத்து பென்ச்சில் 80 கிலோ தள்ளுகிறான். ஒரு பெண்பிள்ளை 75 கிலோவில் ஸ்குவாட் (தோளில் பாரம் வைத்து உட்கார்ந்து எழும்புவது) செய்கிறா, எனக்கு 70தான். வெட்கமாகக் கிடக்கிறது. இப்போது ஆட்கள் குறைந்த பிறகு, இரவு 9 மணிக்குத்தான் போகிறேன். ஒருநாள் 65 கிலோ ஏற்றிப் பார்த்தேன். அன்றிலிருந்து கையை உயர்த்தினால் வலது தோள் குத்துகிறது. அங்கே வரும் ஓர் அண்ணா, "எட்டுக் கிழமை ஊசி போட்டால் எல்லாம் சரி" என்கிறார். அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். ஊசி போடலாமா, இல்லை இது எனக்குச் சரிவராது என்று விட்டுவிடவா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, ஊசி வேண்டாம். ஏன் என்று கீழே எழுதுகிறேன். ஜிம்மை விடவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு அரை வரி இருக்கிறது. "டெட்லிஃப்ட் 100 கிலோ வரும், ஆனால்" என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். 64 கிலோ நிறையுள்ள ஒருவர், பத்து மாதத்தில், தன் நிறையின் ஒன்றரை மடங்குக்கும் மேலான பாரத்தை நிலத்திலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்கிறார். அதைச் சொல்லும்போது உங்களுக்கு ஒரு சந்தோசமும் இல்லை. பக்கத்து பென்ச்சில் இருப்பவன் என்ன தள்ளுகிறான் என்பதில் முழுக் கவனமும் போய்விட்டதால், உங்கள் கையிலேயே இருக்கும் பலம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு இதுதான் தோளைவிடப் பெரிய கவலை.

அந்த 100 கிலோவுக்கும் இந்த 50 கிலோவுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். உங்கள் உயரத்தையும் நிறையையும் பார்த்தால், கை நீளமான, ஒல்லியான உடல்வாகு என்று நினைக்கிறேன். கடையில் வாங்கும் முழுக்கைச் சட்டை மணிக்கட்டுக்கு எட்டாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கை நீளமானவருக்கு டெட்லிஃப்ட்டில் பார் (பிளேட் மாட்டும் கம்பி) மேலே வரவேண்டிய தூரம் குறைவு. அதே கை பென்ச்சில் எதிராக வேலை செய்யும்: நெஞ்சிலிருந்து கை நிமிரும்வரை பார் கூடத் தூரம் போகவேண்டும். குட்டைக் கையும் திரண்ட நெஞ்சும் உள்ள ஒருவருக்கு அந்தத் தூரம் பல அங்குலம் குறையும். இரண்டு பேரும் 80 கிலோ தள்ளினாலும், செய்யும் வேலை ஒன்றல்ல. எலும்பின் நீளத்தை எந்தப் பயிற்சியும் மாற்றாது, எந்த ஊசியும் மாற்றாது.

பயிற்சியை ஒரே மாதிரிக் கொடுத்தாலும் உடம்புகள் ஒரே மாதிரிப் பதில் சொல்வதில்லை. 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 585 ஆண்களும் பெண்களும் ஒரு கைக்கு மட்டும் 12 கிழமை ஒரே விதமான பயிற்சி செய்தார்கள். முடிவில் சிலருடைய பலம் கொஞ்சமும் ஏறவில்லை. சிலருக்கு 250 சதவீதம் ஏறியிருந்தது. சோம்பலாலோ மனவுறுதி இல்லாததாலோ வந்த வித்தியாசம் என்று இதைச் சொல்ல முடியாது, பயிற்சியைப் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்துதான் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அந்தப் பெடியன் எங்கே வந்து நிற்கிறான் என்பது, பத்து மாதத்தில் நீங்கள் எங்கே நின்றிருக்க வேண்டும் என்பதைச் சொல்லாது.

நிறையையும் விடக்கூடாது. பளுதூக்கல் விளையாட்டே இதை ஒத்துக்கொண்டுதான் நடக்கிறது. 2022இல் பர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் எங்கள் திலங்க இசுரு குமார 55 கிலோ பிரிவில் இரண்டு விதத் தூக்கலிலும் சேர்த்து மொத்தம் 225 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். 2018இல் கோல்ட் கோஸ்டில் இந்திக திசாநாயக்க 69 கிலோ பிரிவில் 297 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். 72 கிலோ வித்தியாசம். "இவரைவிட அவர் இவ்வளவு குறைவாகத் தூக்கியிருக்கிறாரே" என்று திலங்கவிடம் போய் யாரும் கேட்பார்களா? அந்தப் பெடியனின் நிறை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

பெண்பிள்ளை விஷயத்தில் உங்களோடு கொஞ்சம் கடுமையாகவே பேசவேண்டும். அவ உங்களைவிட 5 கிலோ கூடத் தூக்குவதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அதே 2018 விழாவில் தினுஷா கோமஸ் 48 கிலோ பிரிவில் இரண்டு தூக்கலிலும் சேர்த்து 155 கிலோ தூக்கி வெண்கலத்தோடு வந்தார். தன் நிறையின் மூன்று மடங்குக்கும் மேல். பெண் என்றால் எங்களைவிடக் குறைவாகத்தான் தூக்கவேண்டும் என்ற எண்ணத்தை ஜிம்முக்குள் கொண்டுவராதீர்கள். அந்தப் பிள்ளை எத்தனை பார்வையைத் தாண்டி அந்தக் கம்பிக்குக் கீழே போய் நிற்கிறாவோ, எங்களுக்கு என்ன தெரியும்.

அடுத்தவரைப் பார்ப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. அது மனித இயல்பு. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இல் எழுதியது இதுதான்: தன்னை அளந்து பார்க்க வெளியில் ஒரு நேரான அளவு கிடைக்காதபோது, மனிதர் தன்னைப் பிறரோடு வைத்து அளக்கிறார். நல்ல பிள்ளையா, நல்ல தகப்பனா, கெட்டிக்காரனா என்பதற்கெல்லாம் அளவுகோல் இல்லை. அதனால் பக்கத்து வீட்டைப் பார்க்கிறோம். ஜிம்மில் அளவு இருக்கிறது. ஒவ்வொரு பிளேட்டிலும் கிலோக் கணக்கு அச்சடித்திருக்கிறது. போன ஆவணியில் நீங்கள் என்ன தூக்கினீர்கள், இந்த ஆவணியில் என்ன தூக்குகிறீர்கள் என்பதற்கு ஒருவரையும் பார்க்கத் தேவையில்லை. கணக்குப் பிரிவில் வேலை செய்கிற நீங்கள், உங்கள் சொந்தக் கணக்கை எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? கடிதத்தில் தொடங்கிய நாள் என்ன தூக்கினீர்கள் என்ற இலக்கம் இல்லவே இல்லை. மற்ற இரண்டு பேருடையதும் இருக்கிறது.

இந்த ஒப்பீடு உங்கள் மனதை மட்டும் கெடுத்திருந்தால் ஆறுதல் சொல்லி முடித்திருப்பேன். அது உங்கள் பயிற்சியையே கெடுத்துவிட்டது. 50இலிருந்து 65க்குப் போவது 30 சதவீத ஏற்றம். மாதக்கணக்கில் ஏறவேண்டியதை ஒரே இரவில் ஏற்றினீர்கள், அதுவும் ஆள் இல்லாத நேரத்தில். அன்று நடந்திருக்கக்கூடியதை எழுதுகிறேன், சரியா என்று பாருங்கள். பாரை வேகமாக இறக்கி நெஞ்சில் பட்டுத் துள்ளவிட்டிருப்பீர்கள். இடுப்பு பென்ச்சைவிட்டு எழும்பியிருக்கும். இரண்டு முழங்கையும் தோளுக்கு நேராக அகலத் திறந்து, வலது கை இடது கையைவிடப் பிந்தி வந்திருக்கும். அந்த நிலையில் பாரம் முழுக்கத் தோள்மூட்டின் முன்பக்கத்தில் வந்து நிற்கும். அது ஏறாமல் கழுத்துக்கு மேலே நின்றிருந்தால், தூக்கிவிட யார் இருந்தார்கள்? இதை நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

நேரம் மாறியதால் மற்றதும் மாறியிருக்கும். 9 மணிக்குப் போனால் பத்தரைக்கு வெளியே வருவீர்கள். காலி வீதியில் அந்த நேரத்தில் கிடைப்பது கொத்து ரொட்டிதான். சாப்பிட்டுப் படுக்க ஒரு மணி, காலையில் வேலைக்கு பஸ். தசை வளர்வது நித்திரையிலும் சாப்பாட்டிலும். பென்ச் இரண்டு மாதமாக நிற்பதற்கு இதுவே போதும். அந்தப் பெடியனுக்கு அம்மா சமைத்துப் போடுகிறா, காலை ஒன்பது மட்டும் படுக்கலாம் என்றால், அதையும் அந்த 80 கிலோவோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

இனி ஊசி. அந்த அண்ணா சொல்வது டெஸ்டோஸ்டிரோன் வகை ஸ்டீராய்ட் என்று எடுத்துக்கொள்கிறேன். அது வேலை செய்யாது என்று நான் பொய் சொல்லமாட்டேன். 1996இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 43 ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்து 10 கிழமை பார்த்தார்கள். பயிற்சியே செய்யாமல் கூடிய அளவில் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு கொழுப்பில்லாத உடல் நிறை சுமார் 3 கிலோ கூடியது; மருந்தில்லாத வெற்று ஊசி போட்டு ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்கு சுமார் 2 கிலோதான். ஆகவே ஜிம்மில் நீங்கள் பார்க்கும் உடம்புகளில் எது உழைப்பு, எது ஊசி என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்காக அந்தப் பெடியனையும் சந்தேகப்படாதீர்கள். அதுவும் இதே ஒப்பீட்டின் இன்னொரு முகம்தான்.

விலை என்ன என்று பாருங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், விதைகளுக்கு மூளை அனுப்பும் கட்டளை நின்றுவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு இல்லாமலே போகும். நிறுத்திய பிறகு திரும்பி வரப் பல மாதங்கள் எடுக்கும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல். நிறுத்திய காலத்தில் மனச்சோர்வும் சோம்பலும் வந்து ஆளைப் போட்டுவிடும். நல்ல கொழுப்பு இறங்கும், இரத்தம் தடிக்கும், தொடர்ந்தால் இதயத் தசை தடிக்கும். அடுத்த வருடம் கல்யாணம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் கட்டப்போகும் பிள்ளைக்கு இதைச் சொல்லிவிட்டுப் போடுவீர்களா? அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். அந்த அண்ணாவிடம், "வேண்டாம் அண்ணா, கல்யாணம் வருது" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது செய்யவேண்டியது. முதலில் தோள். ஒரு பிசியோதெரபிஸ்டிடமோ வைத்தியரிடமோ காட்டும்வரை பென்ச்சைத் தொடாதீர்கள். நோகாத வேலைகளைச் செய்யலாம். டெட்லிஃப்ட்டில் நோவில்லை என்றால் அதை ஏன் விடவேண்டும்?

பென்ச்சுக்குத் திரும்பலாம் என்று சொன்ன பிறகு 35 கிலோவில் தொடங்குங்கள். பார் 20 என்றால் பக்கத்துக்கு ஏழரைதான். மெதுவாக இறக்கி, நெஞ்சில் ஒரு விநாடி நிறுத்தி, பிறகு தள்ளுங்கள். எட்டுத் தடவைப்படி மூன்று செட் (சுற்று), கிழமைக்கு இரண்டு நாள். மூன்று செட்டிலும் பத்துப் பத்து வந்தால் மட்டும் பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ ஏற்றலாம். அந்தச் சின்ன பிளேட்டை எடுக்க ஆண்களுக்கு ஒரு கூச்சம். 50 கிலோவில் இருப்பவருக்கு அதில் இரண்டு போட்டாலே 5 சதவீத ஏற்றம், தம்பி; சம்பளத்தில் 5 சதவீதம் கூட்டினால் சின்னது என்பீர்களா? ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, திகதி, பாரம், எத்தனை தடவை, முதல்நாள் எத்தனை மணித்தியாலம் நித்திரை என்று எழுதுங்கள். அதில் வேறு ஒருவருடைய இலக்கமும் வரக்கூடாது.

சாப்பாட்டில் உங்கள் நிறைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அளவு புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. மத்தியானம் மீன், இடையில் அவித்த கடலை, அறையில் அடுப்பு இருந்தால் சோயா மீட். காய்ந்த சோயா மீட்டில் ஏறத்தாழ பாதி புரதம், விலையும் தாங்கும்.

நேரத்தையும் மாற்றுங்கள், ஆட்கள் இருக்கும் நேரத்துக்கே திரும்பப் போங்கள். அந்தப் பெடியன் எவ்வளவு தள்ளுகிறான் என்பதை விட்டு எப்படித் தள்ளுகிறான் என்று பாருங்கள்: கால் எங்கே ஊன்றுகிறது, தோள்பட்டை எப்படிப் பின்னுக்கு இழுபடுகிறது, பார் நெஞ்சில் எந்த இடத்தில் படுகிறது. அந்த அளவுக்கு ஒப்பிடுவது நல்லது. பிறகு உங்கள் முறை வரும்போது, "தம்பி, ஒருக்கா பின்னால நில்லுங்கோ" என்று கேளுங்கள். 80 தள்ளும் பெடியனிடம் 35க்கு ஆள் கேட்பது முதல் நாள் கஷ்டமாகத்தான் இருக்கும், கேளுங்கள். எத்தனை தடவை செய்யப்போகிறீர்கள் என்பதை முன்னரே சொல்லிவிடுங்கள். பார் நடுவில் நின்றால் மட்டும் கை வைக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் தொடவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.