சிறுவர்களின் போர்க்கால நாட்குறிப்பு வரலாற்றுச் சான்றாகுமா?

பினாங்கில் படிவம் நான்கில் பயிலும் தங்கை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஆகும், ஆனால் எதற்குச் சான்று என்று பார்க்க வேண்டும். படை நகர்வுக்கோ இறந்தோர் கணக்குக்கோ அதை நம்பாதீர்கள். பசி, வதந்தி, வீட்டுக்குள் நுழைந்த புதுச்சட்டம் ஆகியவற்றுக்கு அதைவிட நெருக்கமான ஆவணம் அரிது. போர் எப்படி முடியும் என்று தெரியாமலே எழுதப்பட்டது அல்லவா!

நாஜிகளுக்குத் தப்பி ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் தம் நாட்குறிப்பை 1942 ஜூனில் எழுதத் தொடங்கினார். போர்க்கால நாட்குறிப்புகள் பின்னாளில் திரட்டப்படும் என்று 1944 மார்ச்சில் டச்சு அமைச்சர் ஒருவர் வானொலியில் பேசியதைக் கேட்டபின், பழைய பக்கங்களை அவரே திருத்தி எழுதினார். சிலருக்கு இது குறை. எனக்கோ, தாம் சாட்சி என்பதை அந்தப் பெண் உணர்ந்ததற்கு அதுவே அடையாளம்.

மலாயாத் தமிழர்களான நம் கதை வேறு. 1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. பின்னர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் ஜப்பானியப் படைக்காகச் சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் சிலர் நாட்குறிப்புகளை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். நம்மவர்களில் பலருக்கு எழுத்தறிவே கிடைக்கவில்லை. மிஞ்சியது பெரும்பாலும் வாய்மொழிதான். உங்கள் தாத்தா, பாட்டி கேட்டு வளர்ந்த கதைகளைப் பதிவுசெய்யுங்கள். யார் சொன்னது, எந்தத் தோட்டம் என்பதையும் சேர்த்தே குறித்துவையுங்கள்.