எச்சிடி கொடுத்தும் பழைய மேக் டிஸ்க்குக்குள் போக முடியவில்லையே?

கேள்வி: எங்கள் அச்சகத்தில் 1990களில் ஆப்பிள் மேக்கில் செய்த கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் ஃபிளாப்பி மாதிரியான ஒரு ஜிப் டிஸ்க்கில் கிடந்தன. தெரிந்த பையன் அதை இமேஜ் ஃபைலாக, அதாவது முழு டிஸ்க்கின் நகலாக, எடுத்துக் கொடுத்தான். உபுண்டு லினக்ஸில், பழைய மேக் டிஸ்க்குகளின் எச்எஃப்எஸ் அமைப்பைப் படிக்கும் எச்எஃப்எஸ்யூட்டில்ஸ் போட்டு, டிஸ்க்கைத் திறக்கும் ‘எச்மவுன்ட்’ கொடுத்ததும் டிஸ்க்கின் பெயர் வந்தது. ‘எச்சிடி’யில் ஃபோல்டருக்குள் போய் ‘எல்எஸ்’ அடித்தால் என் கம்ப்யூட்டர் ஃபைல்கள்தான் வருகின்றன. டிஸ்க் போய்விட்டதா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் போன இடம் வேறு, பார்த்த இடம் வேறு, அவ்வளவுதான். வழக்கமான ‘சிடி’ உங்களையே அந்த ஃபோல்டருக்கு நகர்த்திவிடும். ‘எச்சிடி’ அப்படி இல்லை, மேக் டிஸ்க் உங்கள் லினக்ஸ் ஃபோல்டர்களோடு சேரவே இல்லை என்பதால், “இப்போது இந்த ஃபோல்டரில் நிற்கிறோம்” என்று உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ஃபைலில் குறித்து வைப்பதோடு சரி. அந்தக் குறிப்பை ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்கும் அதன் கூட்டாளிக் கட்டளைகள் மட்டும்தான் படிக்கும். அதனால் ‘எல்எஸ்’ வேண்டாம், ‘எச்எல்எஸ்’ அடியுங்கள். எங்கே நிற்கிறோம் என்று குழம்பினால் ‘எச்பிடபிள்யூடி’. வெறும் ‘எச்சிடி’ கொடுத்தால் டிஸ்க்கின் உச்சிக்கே வந்துவிடுவீர்கள்.

அடுத்து நீங்கள் மாட்டப்போவது முக்காற்புள்ளியில் (:). பழைய மேக்கில் ஃபோல்டர்களைப் பிரிப்பது சாய்கோடு இல்லை, முக்காற்புள்ளி. சாய்கோடு ஃபைல் பெயரிலேயே வரலாம், ‘முகூர்த்தம் 14/5’ என்று யாராவது பெயர் வைத்திருந்தாலும் தப்பில்லை. நிற்கும் இடத்திலிருந்து இரண்டு படி உள்ளே போக ‘:ஆர்டர்ஸ்:கார்ட்ஸ்’ என்று முன்னாலும் ஒரு முக்காற்புள்ளி வைக்க வேண்டும். அதை விட்டால் ஆர்டர்ஸ் என்ற பெயரில் ஒரு டிஸ்க்கையே தேடிவிட்டு, இல்லை என்று சொல்லும். ஒரு படி மேலே வர இரண்டு முக்காற்புள்ளி. பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், மேக்காரர்கள் இடைவெளி விடாமல் பெயர் வைத்து நான் பார்த்ததில்லை!

சரி, ஃபைல்களை வெளியே எடுக்க ‘எச்காப்பி’. தமிழ் ஃபான்ட்களும் அதில் இருக்கும் அல்லவா, அங்கே கவனம். அந்தக் கால மேக் ஃபைலுக்கு டேட்டா, ரிசோர்ஸ் என்று இரண்டு பாகம் உண்டு, ஃபான்ட் முழுக்க ரிசோர்ஸ் பாகத்தில்தான் உட்கார்ந்திருக்கும். ‘-ஆர்’ போட்டு எடுத்தால் டேட்டா பாகம் மட்டும் வரும், அதாவது ஜீரோ பைட். ‘-எம்’ போடுங்கள், இரண்டையும் மேக்பைனரி என்ற ஒரே ஃபைலாகக் கட்டித் தரும். ஃபான்ட் திருத்தும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜ் அதைத் திறக்கும். புது மேக் வாங்கித் திறக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், 2019ல் வந்த கேட்டலினா மேக்ஓஎஸ்ஸோடு ஆப்பிளே இந்தப் பழைய எச்எஃப்எஸ்ஸைக் கைகழுவிவிட்டது.

எல்லாம் எடுத்து முடித்ததும் டிஸ்க்கை மூட ‘எச்யூமவுன்ட்’ கொடுத்துவிடுங்கள்.