ஈமேக்ஸில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: புரோகிராமிங் கற்று வருகிறேன். எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள்ளும் வசதி எல்லா எடிட்டரிலும்தான் இருக்கிறது. ஈமேக்ஸை மட்டும் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்? இலவசம் என்பதாலா?

பதில்: காசு வேண்டாம் என்பது உண்மைதான், ஆனால் அது சின்ன விஷயம். ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் சோர்ஸ் கோடைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். 1976-ல் எம்ஐடியில், டெக்கோ என்ற எடிட்டருக்கான மேக்ரோக்களாகத் தொடங்கியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்ட குனு ஈமேக்ஸின் வாரிசுதான் இன்று நாம் பயன்படுத்துவது.

மற்ற எடிட்டர்கள் பலவற்றில், தயாரித்தவர்கள் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் எக்ஸ்டென்ஷன் உள்ளே போக முடியும். ஈமேக்ஸில் அடித்தளம் மட்டும் சி மொழி; அதற்கு மேல் பெரும்பாலானது லிஸ்ப் என்ற மொழி. நீங்கள் எழுதும் லிஸ்புக்கும் கூடவே வந்த லிஸ்புக்கும் ஒரே அதிகாரம்.

செய்தே பாருங்கள். கண்ட்ரோல்-எச், அப்புறம் கே, அப்புறம் கண்ட்ரோல்-கே. வரியின் மிச்சத்தை வெட்டும் கில்-லைன் ஃபங்ஷனின் விளக்கம் வரும். அதிலுள்ள கோப்பின் பெயரை அழுத்தினால், லிஸ்ப் கோப்புகளும் நிறுவப்பட்டிருந்தால், அந்த ஃபங்ஷனே திறக்கும். அதை ஸ்கிராட்ச் பஃபரில் (லிஸ்ப் எழுதிப் பார்க்க ஈமேக்ஸ் தரும் தற்காலிகப் பக்கம்) ஒட்டி, வேண்டியதை மாற்றி, கண்ட்ரோல்-ஆல்ட்-எக்ஸ் அடியுங்கள். அந்த நொடியிலிருந்து கண்ட்ரோல்-கே உங்கள் சொல்படி நடக்கும். பிடிக்கவில்லையா? ஈமேக்ஸை மூடித் திறங்கள், பழையபடி ஆகிவிடும்.

ஒன்று மட்டும்: யாரோ எழுதிய ஆயிரம் வரி கான்ஃபிக்கை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஏதாவது கெட்டால் எங்கே கெட்டது என்றே தெரியாது. என் இனிட் கோப்பில், அதாவது ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக் கோப்பில், முதலில் இருந்தது ஒரே வரி. சேமிக்கும்போது வரிக் கடைசியில் கிடக்கும் வெற்றிடங்களை நீக்கும். (அடுத்தவர் புராஜெக்டில் இதை அணைத்துவிடுங்கள். நீங்கள் தொடாத வரிகளும் மாறியதாக, கோடில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் காட்டும், சண்டை வரும்.)

கேள்வி: சரி, விம் என்று இன்னொரு எடிட்டர் இருக்கிறதே. விம்மா, ஈமேக்ஸா?

பதில்: சர்வருக்குள் நுழைந்தால் பெரும்பாலும் கிடைப்பது விம் அல்லது அதன் முன்னோடியான வி எடிட்டர்தான். அதனால் விம்மின் அடிப்படையாவது தெரிந்திருக்க வேண்டும். என் விரல்களும் விம்முக்குப் பழகியவைதான். ஈவில் என்ற பேக்கேஜைப் போட்டு, ஈமேக்ஸுக்குள்ளேயே விம் கீகளை அடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கட்சிக்காரர்களும் திட்டுகிறார்கள்.