லட்சத்தீவு: தரைக்கு முன் கிணறு (கேள்வி பதில்)

நிலத்தடி நீர்த் துறையில் இருப்பவன் என்பதால் லட்சத்தீவு பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: லட்சத்தீவு எந்த வருஷம் மூழ்கும் ஐயா?

பதில்: வருஷம் குறித்துச் சொல்ல முடியாது தம்பி. அங்கே நிலம் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மேல் ஒன்றிரண்டு மீட்டர்தான். பங்காரம் தீவு அருகே ஆளில்லாத பரளித் தீவுகளில் ஒன்று அரிப்பில் கரைந்தே போனதை 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் ஆள் வாழும் தீவுகளில் என் கவலை வேறு. தரை மூழ்குவதற்கு வெகு முன்பே கிணறு கரித்துவிடும். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் யார் இருப்பார்கள்?

கேள்வி: சுற்றிலும் கடல். நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பதில்: ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. பவள மணலில் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆப்பம் மாதிரி நடுவில் தடிமன், ஓரத்தில் மெல்லிசு. ஏட்டுக் கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி இருக்கும். கடலின் ஏற்ற இறக்கம் கலக்கிவிடுவதால் நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது. மேலே ஒரு அடி குறைந்தாலோ, கீழே உப்பு பல அடி ஏறிவிடும். வாளியில் இறைத்தவரை தாங்கியது. மோட்டார் போட்டு உறிஞ்சினால் கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் புற்று மாதிரி எழும்பும். தலைநகர் கவரத்தியில் ஒரு பாட்டி எனக்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரில் சோப்பைத் தேய்த்துக் காட்டினார், நுரையே வரவில்லை. கடல் உயர உயர, புயலில் அலை உள்ளே புக, கரைப்பக்கக் கிணறுகள்தான் முதலில் போகும்.

கேள்வி: ராமநாதபுரத்தில் எங்கள் கிணறும் கரிக்கிறதே?

பதில்: தத்துவம் ஒன்றுதான். உங்களுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிறது; அவர்களுக்கு அந்த வழி இல்லை.

கேள்வி: கடல்நீரைக் குடிநீராக்கினால் தீர்ந்ததே?

பதில்: பாதி தீரும். சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ல் கவரத்தியில் ஒரு நிலையம் அமைத்தது. நாளுக்கு 1 லட்சம் லிட்டர். மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீர் குறைந்த அழுத்தத்தில் ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்துக் குளிர்ந்த நீர் அந்த ஆவியைக் குளிர்விக்கும். அருமையான வேலை. ஆனால் அதை ஓட்டும் மின்சாரத்துக்கு டீசல் கப்பலில் வரவேண்டும். தென்னைக்குப் பாய்ச்சும் அளவுக்கும் அந்தத் தண்ணீர் வராது.

கேள்வி: பவளப்பாறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அலையை உடைப்பது பாறைதான். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளிறி நலிந்தது. கிளிமீன் பவளத்தைக் கொறித்துக் கழிப்பதும் கரை மணலில் ஒரு பங்கு. கரைக்குச் சுவர் கட்டும் முன் கிளிமீனைப் பிடிக்காமல் விடுங்கள் என்பேன்.

கேள்வி: பேசாமல் எல்லோரையும் கேரளத்துக்குக் கொண்டுவந்துவிட்டால்?

பதில்: 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர். பசிபிக் தீவு நாடான துவாலுவின் மக்கள் ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேற ஓர் ஒப்பந்தமே போடவேண்டியிருந்தது. இவர்கள் இந்தியக் குடிமக்கள், எங்கும் வரலாம். ஆனால் மினிக்காய் தீவில் பேசும் மஹல் மொழி? பத்து ஊர்களில் சிதறினால் அதை யாரிடம் பேசுவார்கள்? முதலில் கூரை மழைநீருக்குத் தொட்டி கட்டுவோம். ஒரே கிணற்றில் மோட்டார் வைக்காமல், ஆழமில்லாத பல கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்போம். இரண்டுக்கும் டீசல் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.