மேய்ச்சலுக்குத் திரியும் ஆடுகளிடமிருந்து மரக்கன்றை எப்படிக் காப்பாற்றுவது?

இலையைக் கடித்துவிட்டுப் போனால் பெரும்பாலான கன்றுகள் மறுபடி துளிர்த்துவிடும். பட்டையை உரித்தால்தான் ஆபத்து. இலையில் தயாராகும் உணவு உட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தண்டைச் சுற்றி வளையமாகப் பட்டை போய்விட்டால், மேலே கொஞ்ச நாள் பச்சையாகத் தெரிந்தாலும் வேர் பட்டினியில் செத்துவிடும்.

ஆகவே கம்பிவலைக் கூண்டைத்தான் நான் நம்புவேன். அதைத் தண்டோடு ஒட்டிக் கட்டிவிடாதீர்கள். ஆடு பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால் இரண்டையும் வலைமேல் ஊன்றி, கழுத்தை நீட்டிக் கொழுந்தை எட்டிவிடும். 5 அடி உயரத்தில், தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் 2 அடி தள்ளி, ஆழமாக அடித்த முளைகளில் இறுக்கிக் கட்டுங்கள். வலைக்கண் சிறிதாக இருக்கட்டும். பெரிய கண்ணில் கொம்பு மாட்டினால், அது இழுக்கிற இழுப்பில் கூண்டே சாய்ந்துவிடும்.

வலைக்கு வழியில்லையா? முள்கிளைகளைச் சுற்றி நெருக்கமாகக் கட்டலாம். காய்ந்து நொறுங்கியதும் மாற்ற வேண்டும். சாணிக்கரைசல் தெளித்தாலும் ஆடு முகர்ந்துவிட்டு விலகும், அடுத்த மழை வரைக்கும்!

கொழுந்து எட்டாத உயரம் போய்விட்டதே என்று கூண்டைக் கழற்றிவிடாதீர்கள். பட்டை தடித்துச் சொரசொரப்பாகும்வரை அது இருக்கட்டும்.