கேள்வி – பதில்: கார்த்திகை மீன் தெரியாத தீவு

கேள்வி: ஐயா, கிரேக்கரும் ரோமரும் எங்கள் இலங்கைத் தீவைத் 'தப்ரபேன்' என்று அழைத்ததாகவும், இங்குள்ளோர் நூறு வயதுவரை வாழ்ந்தார்கள், ஆமையோட்டால் கூரை வேய்ந்தார்கள் என்றெல்லாம் எழுதிவைத்ததாகவும் வகுப்பில் படித்தோம். இவற்றில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது? (உயர்தர வகுப்பு மாணவி, மாங்குளம்)

பதில்: பிள்ளை, இப்படியான எழுத்தைக் கையில் எடுத்தவுடன் 'இதைச் சொன்னவர் எங்கே நின்று கண்டார், யார் வாயால் கேட்டார்' என்று முதலில் விசாரியுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

நீங்கள் சொல்லும் செய்திகளில் பல, கி.பி. 77 அளவில் தன் பெருநூலை முடித்த ரோம எழுத்தாளர் பிளினியுடையவை. அவர் இந்தப் பக்கம் வந்தவரல்லர். செங்கடல் வரிக் குத்தகைக்காரரான அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர், அரேபியக் கரையோரம் கப்பலோட்டும்போது காற்றில் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் இந்தத் தீவின் 'ஹிப்புரோஸ்' துறையில் ஒதுங்கினார் என்றும், ஆறு மாதம் அரசனின் விருந்தாளியாக இருந்து மொழி பழகினார் என்றும் பிளினி எழுதுகிறார். அவரிடமிருந்த தெனாரியஸ் காசுகளைப் பார்த்த அரசன், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பேரரசரின் முகம் இருந்தும் எல்லாம் ஒரே நிறையாக இருந்ததைக் கண்டு, இப்படி நேர்மையாக நடக்கும் நாட்டோடு உறவு கொள்ள வேண்டும் என்று கிளாடியஸ் பேரரசரின் காலத்தில் (கி.பி. 41–54) நான்கு தூதரை ரோமுக்கு அனுப்பினானாம். காசை நிறுத்துப் பார்ப்பது வணிகம் நடக்கும் துறைமுகத்தில் அன்றாட வேலை. ஆகவே இந்தக் காட்சியை நான் நம்புகிறேன். பிளோகாமஸும் கட்டுக்கதை மனிதரல்லர். அவருடைய அடிமை ஒருவர் கி.பி. 6ஆம் ஆண்டில் பொறித்த எழுத்து, எகிப்தின் கிழக்குப் பாலைவனப் பாதையோரப் பாறையில் இன்றும் இருக்கிறது.

கடலைப் பற்றியும் பிளினி பிழைவிடவில்லை. இந்தியாவுக்கும் தீவுக்கும் இடையிலான கடல் ஆறு பாகத்துக்கு (விரித்த இரு கை நீளம் ஒரு பாகம்) மேல் ஆழமில்லாதது, ஆனால் நடுநடுவே நங்கூரம் எட்டாத ஓடைகள் உண்டு, அந்த ஒடுக்கத்தில் திரும்பத் தேவையில்லாதபடி கப்பலின் இரு முனையிலும் அணியம் (முன்பக்கக் கூர்முனை) வைத்திருப்பார்கள் என்கிறார். கோடை நடுவிலிருந்து நூறு நாள் கடலில் இறங்கமாட்டார்கள் என்றும் சொல்கிறார். யூன் 21இலிருந்து நூறு நாளை எண்ணிப் பாருங்கள், செப்ரெம்பர் கடைசிக்கு வரும். சோளகமும் கச்சானும் (தென்காற்றும் மேல்காற்றும்) அடித்து ஓயும் காலம் அதுவே. மன்னார்க் கடலில் தொழில் செய்த யாரிடமோ கேட்ட பேச்சு அது என்பது எனக்குத் தெளிவு.

இனி வானத்துக்கு வருவோம். தூதர்கள் ரோமில் தங்கள் நிழல் வடக்கே விழுவதைக் கண்டு வியந்தார்கள் என்கிறார். இதை உங்கள் முற்றத்திலேயே சோதிக்கலாம். யூன் மாத நடுவில் ஒரு மீற்றர் தடியை நிலைக்குத்தாக நட்டு, பகல் 12 மணி 10 நிமிடமளவில் பாருங்கள். ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நிழல் தெற்குப் பக்கம் விழுந்திருக்கும். மாங்குளத்தில் ஏப்ரில் நடுவிலிருந்து ஓகஸ்ற் கடைசிவரை நண்பகல் நிழல் தெற்கே சாயும். ரோமிலோ ஆண்டு முழுவதும் வடக்கேதான். ஆகவே தூதரின் வியப்பு உண்மையான வியப்பு. ஆனால் அதே இடத்தில், சப்தரிஷி மண்டலமும் கார்த்திகை மீனும் அவர்களுக்குப் புதியவை என்கிறார். கார்த்திகையை அறியாத ஊரா இது? 'கைதொழு மரபின் எழுமீன்' என்று நற்றிணை பாடியதும் அந்தச் சப்தரிஷியைத்தான். ரோமர் வானத்தில் அந்த மண்டலம் அடிவானத்தில் மறைவதே இல்லை. நம் வானத்தில் நாள்தோறும் மறைந்து எழும். 'எங்கள் ஊரில் அது மறையும்' என்று தூதர் சொன்னது, மொழிபெயர்ப்பவர் வாயில் 'எங்கள் ஊரில் அது இல்லை' என்றாகியிருக்கலாம் என்பது என் ஊகம்.

நூறு வயது, அடிமையும் வழக்கும் இல்லாமை, தானிய விலை ஏறாமை, பிள்ளையில்லாத இரக்கமுள்ள முதியவரை மக்கள் அரசராகத் தெரிவது ஆகியவற்றை நம் வரலாறாக எடுக்காதீர்கள். தன் நகரத்தின் பேராசையைக் கண்டு மனம் நொந்த ஒருவர், ரோமருக்குக் காட்டுவதற்காகத் தொலைவில் ஒரு நல்ல நாட்டை வைக்கிறார். ஆமையோட்டுக் கூரை வேறு வகை. ஆமையோடு இங்கிருந்து ஏற்றுமதியான சரக்கு என்பதைக் கி.பி. முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமிக் கையேடு சொல்கிறது. துறையில் ஏறிய சரக்கு, போகும் வழியில் வீட்டுக் கூரை அளவுக்கு வளர்ந்துவிட்டது. பிளினிக்கு நூறாண்டுக்கு மேல் பிந்திய ஏலியன் என்ற ரோம எழுத்தாளர் கூரைக் கதையைத் திரும்பச் சொல்கிறார். இத்தாலியை விட்டு வெளியே கால்வைத்ததில்லை என்று சொல்லிக்கொண்டவர் அவர். ஆனால் அவரே, தீவு மக்கள் பெரிய படகு கட்டி யானைகளைக் கலிங்கத்துக்கு விற்றார்கள் என்றும் எழுதினார். பின்னாளில் வன்னிச் சிற்றரசர்களான வன்னியர் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானையையே திறையாகக் கொடுத்ததை அறிந்த நமக்கு அதை நம்புவது கடினமல்ல.

கிரேக்கப் புவியியலாளர் தொலெமியின் வரைபடத்தில் தீவு உண்மை அளவைப் போல ஏறத்தாழ 14 மடங்கு பெருத்துக் கிடப்பதையும் கண்டிருப்பீர்கள். அன்று கடல் தூரத்தை நாளால் அளந்தார்கள். முன்பு நாணற் படகில் 20 நாள் பிடித்த ஓட்டம், ரோமக் கப்பலில் 7 நாளாகிவிட்டது என்று பிளினியே குறிக்கிறார். நாளைக் கொண்டு நிலத்தை வரைந்தால் இப்படித்தான் முடியும். நம் பெரியவர்கள் சொல்லும் 'கூப்பிடு தூரமும்' ஆளுக்கு ஆள் மாறுவதுதானே.

கேள்வி: தொலைவிலிருந்த மக்களை நம் புலவர்களும் இப்படித்தான் எழுதினார்களா? (வாசகர், நெடுங்கேணி)

பதில்: ஆம், அதை மறைக்கத் தேவையில்லை. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் வரும் மிலேச்சர் என்னும் அயல்நாட்டுக் காவலர், நாவால் பேசாது உடம்பால் பேசுபவர்கள். அவர்களுக்கும் ஒரு மொழி இருந்திருக்கும். பாசறையில் இருந்தவர்களுக்கு அது விளங்கவில்லை, அவ்வளவே. மணிமேகலையில், கப்பல் உடைந்து ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக் கரைசேரும் சாதுவன், ஆடையற்ற நாகர் வாழும் மலையில் ஒதுங்குகிறான். கள் காய்ச்சும் பானை, முடை நாற்றம், காய்ந்த வெள்ளெலும்பு, அவற்றின் நடுவே தன் பெண்ணோடு கரடிபோல் அமர்ந்திருக்கும் தலைவன் என்று சாத்தனார் காட்டும் காட்சி, எந்தக் கிரேக்கர் எழுதியதற்கும் குறைந்ததல்ல.

ஆனால் அங்கே ஒரு திருப்பம் வருகிறது. சாதுவனைத் தின்ன வந்தவர்கள் அவனைக் கொல்லவில்லை, ஏனெனில் அவன் அவர்களுடைய மொழியை ஐயமறக் கற்றிருந்தான். அதன்பின் தலைவன் கேள்வி கேட்கிறான், வாதிடுகிறான், கள்ளும் பெண்ணும் வேண்டாம் என்றால் வாழ்ந்து என்ன பயன் என்று மறுத்துப் பேசுகிறான். கரடிபோல் இருந்தவன் பேசத் தொடங்கியதும் மனிதனாகிறான். அந்தப் பகுதியை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சாத்தனார்மேல் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

கேள்வி: அந்தக் கால வெளிநாட்டவர் கண்ட இடம் எதையாவது எங்கள் பக்கத்தில் இன்று போய்ப் பார்க்கலாமா? (மீனவர், விடத்தல்தீவு)

பதில்: உங்களுக்கு மிகப் பக்கத்திலேயே இருக்கிறது, அண்ணே. திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த மாதோட்ட மேடுதான் அது. ஹிப்புரோஸ் துறையைப் பெயர் ஒற்றுமை கொண்டு தெற்கே குதிரைமலையில் வைப்பாருண்டு. ஆனால் கடல்வணிகம் நடந்ததற்கு மண்ணிலேயே சான்று கிடைத்த இடம் மாதோட்டம். 1980களில் அங்கே அகழ்ந்தபோது வெளிநாட்டு மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. 2009–10இல் மீண்டும் அகழ்ந்தபோது கரிந்துபோன மிளகும் கிராம்பும்கூடக் கிடைத்தன. கிராம்பு இந்த மண்ணுக்குரியதல்ல, கிழக்கே மலுக்குத் தீவுகளில் விளைந்தது. மேட்டைப் பார்த்துவிட்டுக் கோயில் தீர்த்தமான பாலாவியின் கரைக்கு வந்து நின்று, 'வங்கம் மலிகின்ற கடல் மாதோட்ட நன்னகரில்' என்ற சுந்தரர் தேவாரத்தைச் சொல்லிப் பாருங்கள். வங்கம் என்பது கப்பல்.